ஹென்றி மோஸ்லி: என்ன கண்டுபிடித்தார், போரில் எப்படி இறந்தார், அதனால் என்ன மாறியது?

ஆக்ஸ்ஃபோர்டின் டிரினிட்டி கல்லூரியில் படித்த இங்கிலாந்து இயற்பியலாளர் ஹென்றி மோஸ்லி, முதல் உலகப் போரின்போது 1915 ஆகஸ்ட் 10 அன்று துருக்கியின் கலிப்போலி போர்முனையில் தலையில் குண்டு பாய்ந்து இறந்தார். வயது 27. அவருடைய நினைவு நாள் நெருங்கும்போது ஒரு பழைய புகைப்படம் இணையத்தில் வலம் வரும்: ஆய்வகத்தில் நிற்கும் இளைஞர், கையில் ஒரு கண்ணாடிக் குழாய். கூடவே மூன்று செய்திகளும் வரும். தனிம வரிசை அட்டவணையைச் சரிசெய்தவர் இவர். உயிரோடு இருந்திருந்தால் நோபல் பரிசு வாங்கியிருப்பார். இவர் இறந்த அதிர்ச்சியில்தான், இனி விஞ்ஞானிகளைப் போர்முனைக்கு அனுப்புவதில்லை என்று பிரிட்டன் முடிவெடுத்தது.

முதலாவது உண்மை, ஆனால் எதைச் சரிசெய்தார் என்று அந்தப் பதிவுகள் விளக்குவதில்லை. இரண்டாவதற்கு ஆதாரம் உண்டு, கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். மூன்றாவது, பல காரணங்களால் வந்த ஒரு மாற்றத்தைக் கொண்டுபோய் ஒரே ஒருவரின் மரணத்தில் கட்டிவைக்கும் கதை. மோஸ்லியை எப்போதும் "இருந்திருந்தால்" என்றே பேசுவதால், அவர் செய்து முடித்த வேலை பின்னால் போய்விடுகிறது. அந்த வேலையின் முக்கியப் பகுதி ஓராண்டுக்கும் குறைவான காலத்தில் நடந்தது. அதை முதலில் புரிந்துகொள்வோம்; போருக்கு அப்புறம் வரலாம்.

வீடும் கல்லூரியும்

மோஸ்லி 1887 நவம்பர் 23 அன்று இங்கிலாந்தின் வேமத் நகரில் பிறந்தார். தந்தை ஹென்றி நாட்டிட்ஜ் மோஸ்லி விலங்கியல் பேராசிரியர். உலகக் கடல்களை ஆராயச் சென்ற சாலஞ்சர் கப்பலில் பயணம் செய்தவர். மகனுக்கு நான்கு வயது ஆகும் முன்பே இறந்துவிட்டார். தாய் அமாபெல் 1913இல் பிரிட்டிஷ் பெண்கள் சதுரங்க சாம்பியன். மோஸ்லி ஈட்டன் பள்ளியில் உதவித்தொகையில் படித்து, 1906இல் டிரினிட்டியில் சேர்ந்தார். 1910இல் பட்டம் பெற்றபோது கிடைத்தது இரண்டாம் வகுப்புதான். அங்கிருந்து நேராக மான்செஸ்டருக்கு, எர்னஸ்ட் ரதர்ஃபோர்டின் ஆய்வகத்துக்குப் போனார். அணுவின் நடுவே மிகச் சிறிய ஒரு கரு இருக்கிறது என்று ரதர்ஃபோர்டு அறிவித்தது 1911இல். அதாவது, அணு இயற்பியலில் உலகிலேயே சூடான இடத்தில் மோஸ்லி அப்போது இருந்தார்.

1913 வரை இருந்த சிக்கல்

ரஷ்ய வேதியியலாளர் மெண்டலீவ் 1869இல் வெளியிட்ட அட்டவணை தனிமங்களை அணு எடைப்படி வரிசைப்படுத்தியது. இலேசானது முதலில், கனமானது கடைசியில். பெரும்பாலான இடங்களில் இது அழகாகப் பொருந்தியது: ஒத்த குணமுள்ள தனிமங்கள் ஒரே பத்தியில் வந்து உட்கார்ந்தன. ஆனால் சில ஜோடிகள் முரண்டு பிடித்தன.

1. டெலூரியத்தின் அணு எடை 127.6, அயோடினுடையது 126.9. எடைப்படி அயோடின் முன்னால் வர வேண்டும். ஆனால் அயோடினின் குணம் குளோரின், புரோமின் வரிசையைச் சேர்ந்தது. மெண்டலீவ் குணத்தை நம்பி டெலூரியத்தை முன்னால் வைத்தார். எடையைத்தான் யாரோ தவறாக அளந்திருக்கிறார்கள் என்று கருதினார். அளவு சரியாகத்தான் இருந்தது.

2. கோபால்ட் 58.93, நிக்கல் 58.69. இங்கும் அதே தலைகீழ்.

3. பின்னால் கண்டுபிடிக்கப்பட்ட ஆர்கான் 39.95, பொட்டாசியம் 39.10. எடையை மட்டும் பார்த்தால் தண்ணீரில் போட்டதும் தீப்பற்றும் பொட்டாசியம், எதனோடும் சேராத வாயுக்களின் பத்தியில் போய் உட்கார வேண்டியிருக்கும்.

மாணவர்களை எடை பார்த்து நிறுத்தி, அந்த வரிசைப்படியே வருகைப் பதிவேட்டில் எண் போட்டது போன்ற ஏற்பாடு இது. தனிமத்துக்கென்று ஓர் எண் இருந்தது. ஆனால் அந்த எண்ணுக்கு வரிசையில் எத்தனையாவது இடம் என்பதைத் தவிர வேறு பொருள் இல்லை. அணுவுக்குள் எதையும் அது அளக்கவில்லை. இன்னொரு தொல்லையும் இருந்தது: இரண்டு தனிமங்களுக்கு நடுவே இன்னும் எத்தனை தனிமங்கள் ஒளிந்திருக்கின்றன என்று யாராலும் சொல்ல முடியவில்லை. குறிப்பாக லந்தனம் முதல் லுட்டீசியம் வரையிலான அருமண் தனிமங்களின் பகுதி பெரும் குழப்பம். அவை வேதியியலில் ஒன்றைப் போலவே இன்னொன்று நடந்துகொள்ளும். பிரித்தெடுக்க ஆயிரக்கணக்கான முறை படிகமாக்க வேண்டியிருந்தது. புதிய தனிமம் கண்டுபிடித்தோம் என்ற அறிவிப்புகள் வருவதும் பொய்யாவதும் வழக்கமாகிவிட்டது.

டச்சுக்காரரான வான் டென் புரூக் ஒரு யோசனை சொன்னார். தனிமத்தின் வரிசை எண் என்பது அதன் அணுக்கருவில் உள்ள நேர்மின்சுமையின் அளவாக இருக்கலாமே? அது வெறும் ஊகம். அதை அளந்து பார்க்கத்தான் மோஸ்லி இறங்கினார்.

அவர் செய்த சோதனை

எக்ஸ் கதிர்க் குழாயில் எலக்ட்ரான்கள் ஓர் உலோகத் துண்டின் மீது பாய்கின்றன. அந்த மோதலில் உலோக அணுவின் உட்புறக் கூட்டிலிருந்து ஓர் எலக்ட்ரான் வெளியே தள்ளப்படுகிறது. காலியான இடத்தை நிரப்ப வெளிக்கூட்டு எலக்ட்ரான் ஒன்று உள்ளே விழுகிறது. விழும்போது மிச்சமாகும் ஆற்றல் எக்ஸ் கதிராக வெளியேறுகிறது. இந்த ஆற்றல் ஒவ்வொரு தனிமத்துக்கும் தனியானது. உட்கூட்டில் இருக்கும் எலக்ட்ரானைக் கரு மிக நேரடியாக இழுப்பதால், இந்தக் கதிர் கருவின் மின்சுமையைப் பற்றிய செய்தியைச் சுமந்து வருகிறது. வெளிக்கூட்டின் வேதியியல் சிக்கல்கள் அதைத் தொடுவதில்லை என்றே சொல்லலாம்.

தனிமங்கள் இப்படித் தனித்துவமான எக்ஸ் கதிர்களை வெளியிடும் என்று பிரிட்டிஷ் இயற்பியலாளர் சார்லஸ் பார்க்லா ஏற்கெனவே காட்டியிருந்தார். படிகத்தைக் கொண்டு எக்ஸ் கதிர்களின் அலைநீளத்தை அளக்கும் வழியை 1912, 1913இல் ஜெர்மனியின் லாவேயும் இங்கிலாந்தின் பிராக் தந்தையும் மகனும் திறந்து வைத்தார்கள். மோஸ்லி இரண்டையும் இணைத்தார்.

கருவி அமைப்பிலேயே அவருடைய கைத்திறன் தெரிகிறது. ஒவ்வோர் உலோகத்தையும் மாற்றக் குழாயைத் திறந்தால் ஒவ்வொரு முறையும் காற்றை வெளியேற்ற வேண்டும், வேலை நகராது. எனவே உலோகத் துண்டுகளை ஒரு குட்டி வண்டியில் வரிசையாக வைத்து, வெற்றிடத்துக்குள் தண்டவாளத்தில் ஓடவிட்டார். வண்டியை இழுத்தது மீன் பிடிக்கும் பட்டு நூல். ஓர் உலோகம் எலக்ட்ரான் பாயும் இடத்துக்கு வந்ததும் கதிர் படிகத்தில் பட்டுத் திரும்பி ஒளிப்படத் தகட்டில் கோடாக விழும். பிறகு நூலை இழுத்தால் அடுத்த உலோகம். அவர் பெரும்பாலும் இரவில்தான் வேலை செய்தார். அதிகாலை மூன்று மணிக்கு மான்செஸ்டரில் எங்கே சாப்பாடு கிடைக்கும் என்று அவருக்குத் தெரியும் என்று கூட இருந்தவர்கள் சொல்வதுண்டு.

கால்சியம் முதல் துத்தநாகம் வரையிலான தனிமங்களின் முடிவுகள் 1913 டிசம்பரில் 'பிலசாபிக்கல் மேகசின்' இதழில் வந்தன. படங்களை ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்தால் கோடுகள் படிக்கட்டு போல ஒரே சீராக நகர்ந்தன. அந்த ஆண்டின் இறுதியில் மோஸ்லி மான்செஸ்டரை விட்டு ஆக்ஸ்ஃபோர்டுக்குத் திரும்பிவிட்டார். அங்கே ஆய்வகத்தில் இடம் மட்டும்தான் கொடுத்தார்கள், சம்பளம் கிடையாது. அந்த நிலையிலேயே அலுமினியம் முதல் தங்கம் வரை அளந்து, 1914 ஏப்ரலில் இரண்டாம் கட்டுரையை வெளியிட்டார்.

கணக்கு என்ன சொல்கிறது?

மோஸ்லி விதி என்று இன்று பாடநூலில் இருப்பது இதுதான்: எக்ஸ் கதிரின் அதிர்வெண்ணுக்கு வர்க்கமூலம் எடுத்தால், அது அணு எண்ணோடு, அதாவது அட்டவணையில் தனிமத்தின் வரிசை எண்ணோடு, நேர்கோட்டில் ஏறும். கேட்கச் சாதாரணமாக இருக்கும். எண்களைப் போட்டுப் பார்த்தால்தான் இதன் வலிமை புரியும்.

அணு எண்ணிலிருந்து 1ஐக் கழித்து, வர்க்கம் எடுத்து, 10.2ஆல் பெருக்கினால் அந்தத் தனிமத்தின் முதன்மை எக்ஸ் கதிரின் ஆற்றல் எலக்ட்ரான் வோல்ட் என்ற மிகச் சிறிய அலகில் ஏறக்குறைய வந்துவிடும். இரும்பு 26ஆவது: 25இன் வர்க்கம் 625, விடை சுமார் 6,375, அளந்து பார்த்தால் ஏறத்தாழ 6,400. கோபால்ட் 27ஆவது: 26இன் வர்க்கம் 676, விடை சுமார் 6,900. நிக்கல் 28ஆவது: 27இன் வர்க்கம் 729, விடை சுமார் 7,440. கோபால்ட் நிக்கலைவிட எடை கூடியது. ஆனால் அதன் கதிர் ஒரு படி கீழே நிற்கிறது. இரும்பு, கோபால்ட், நிக்கல் என்ற வரிசை சரி என்பதை வேதியியலின் துணையே இல்லாமல் ஒரு தகடு சொல்லிவிட்டது.

இதிலிருந்து வந்தவை:

1. அணு எண் என்பது பட்டியலில் உள்ள இடம் மட்டும் அல்ல, அளக்கக்கூடிய இயற்பியல் அளவு, கருவின் மின்சுமை. அட்டவணையின் அடிப்படை எடையிலிருந்து இந்த எண்ணுக்கு மாறியது. டெலூரியமும் அயோடினும் தலைகீழாக நின்றதற்கு இனி சமாதானம் தேட வேண்டியதில்லை.

2. எண்கள் முழு எண்களாக இருப்பதால் இடைவெளிகளை எண்ண முடிந்தது. அலுமினியத்துக்கும் தங்கத்துக்கும் நடுவே எந்தெந்த இடங்கள் காலி என்று சொல்லிவிடலாம். அவருடைய வேலையிலிருந்து தெளிவான வெற்றிடங்கள் 43, 61, 72, 75. நான்கும் பின்னால் நிரம்பின: ஹாஃப்னியம் (72) 1923இல், ரீனியம் (75) 1925இல், டெக்னீசியம் (43) 1937இல், புரோமித்தியம் (61) 1945இல். நடுவில் வேறு தனிமம் வருவதற்கு இடமே இல்லை என்பதும் அதே அளவு முக்கியம்.

3. அருமண் தனிமங்களின் குழப்பம் தீர்ந்தது. அந்தத் துறையில் பல ஆண்டுகள் உழைத்த பிரெஞ்சு வேதியியலாளர் ஜார்ஜ் உர்பேன், 1914இல் தன் மாதிரிகளோடு ஆக்ஸ்ஃபோர்டுக்கே வந்தார். எந்த மாதிரியில் எந்தத் தனிமம் இருக்கிறது என்பதைச் சில நாட்களில் மோஸ்லி சொன்னார். உர்பேன் 72ஆவது தனிமம் என்று நம்பிக் கொண்டுவந்த ஒன்றில் 72க்கு உரிய கோடுகள் விழவில்லை.

4. டென்மார்க் இயற்பியலாளர் நீல்ஸ் போர் 1913இல் முன்வைத்த அணு மாதிரிக்கு இது வலுவான ஆதரவு. ரதர்ஃபோர்டின் கருவை அதுவரை பலர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்றும், பெரிய மாற்றம் மோஸ்லியால்தான் வந்தது என்றும் நீல்ஸ் போரே தன் இறுதிக் காலத்தில் சொன்னார்.

இன்றும் இது வேலை செய்துகொண்டிருக்கிறது. நம்மூர் நகைக் கடைகளில் பழைய நகையை உருக்காமல், உரசாமல் ஒரு பெட்டிக்குள் வைத்து எத்தனை காரட் என்று சொல்லும் காரட் மீட்டர் இருக்கிறதே, அது எக்ஸ் கதிரைச் செலுத்தி, நகையிலிருந்து திரும்பி வரும் கதிர்களின் ஆற்றலைப் பார்க்கிறது. தங்கத்தின் 79க்கு உரியது எவ்வளவு, செம்பின் 29க்கு உரியது எவ்வளவு, வெள்ளியின் 47க்கு உரியது எவ்வளவு என்பதுதான் திரையில் தெரியும் சதவீதம். மோஸ்லியின் பட்டியல் முடிந்தது தங்கத்தில்.

அவரைப் போருக்கு அனுப்பியது யார்?

"பிரிட்டன் தன் மேதையைப் போருக்கு அனுப்பிக் கொன்றது" என்று எழுதுகிறார்கள். நடந்தது அப்படி அல்ல.

1914 கோடையில் மோஸ்லி தாயோடு ஆஸ்திரேலியா போயிருந்தார், பிரிட்டிஷ் அறிவியல் சங்கக் கூட்டத்துக்காக. ரதர்ஃபோர்டும் அங்கே வந்திருந்தார். அந்தப் பயணத்தின்போதே போர் மூண்டது. மோஸ்லி ஊர் திரும்பியதும் ராணுவத்தில் சேர முயன்றார். அப்போது பிரிட்டனில் கட்டாய ராணுவ சேவை கிடையாது; அது 1916இல்தான் சட்டமானது. வீட்டிலும் வெளியிலும் வேண்டாம் என்றார்கள். அவர் கேட்கவில்லை. ராயல் இன்ஜினியர்ஸ் படைப்பிரிவில் தகவல் தொடர்பு அதிகாரி ஆனார்.

இது அவருடைய தனி வீம்பு என்று சொல்லிவிடவும் முடியாது. ஈட்டன், ஆக்ஸ்ஃபோர்டு போன்ற இடங்களில் படித்த ஒரு தலைமுறையே அப்படித்தான் கிளம்பியது. இந்தப் போரில் இறந்த ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் மட்டும் சுமார் 2,700 பேர். மோஸ்லியின் கல்லூரியிலேயே அவர் காலத்தில் படித்த நோயல் சவாஸ், காயம்பட்டவர்களைப் போர்க்களத்திலிருந்து மீட்ட மருத்துவர், பிரிட்டனின் மிக உயரிய வீர விருதான விக்டோரியா கிராஸை இரண்டு முறை பெற்றவர், 1917 ஆகஸ்டில் இறந்தார். ரதர்ஃபோர்டின் ஆய்வகமே சிதறியது. மார்ஸ்டன் பிரிட்டன் தரப்பில் மேற்குப் போர்முனையில் இருந்தார். அவரோடு சேர்ந்து கருவைக் கண்டறியும் சோதனைகளைச் செய்த கைகர் ஜெர்மன் பீரங்கிப் படையில் இருந்தார். சாட்விக் பெர்லின் அருகே முகாமில் சிறை இருந்தார்.

அரசின் பக்கம் இருந்த குறை வேறு. சேர வந்தவரை எந்த வேலையில் வைத்தால் பயன் என்று கேட்க, 1914இல் எந்த ஏற்பாடும் இல்லை. அறிவியல் படித்தவர் என்பது அப்போது ராணுவத்துக்கு ஒரு பொருட்டான தகவலாகவே இல்லை. மோஸ்லி தானாக முன்வந்தார் என்பது இந்தக் குறையை மறைக்காது.

1915 ஆகஸ்ட் 10

டார்டனெல்ஸ் ஜலசந்தியைப் பிடித்து இஸ்தான்புல்லை அடையலாம் என்பது பிரிட்டன், பிரான்ஸ் முதலிய நேச நாடுகளின் திட்டம். 1915 ஏப்ரல் 25 அன்று கலிப்போலியில் படைகள் இறங்கின, கரையோரத்திலேயே சிக்கிக்கொண்டன. முட்டுக்கட்டையை உடைக்க ஆகஸ்ட் 6 அன்று புதிய தாக்குதல் தொடங்கியது. குறி, சாரி பைர் மலைத்தொடரின் உச்சிகள். அதில் சுனுக் பைர் என்ற உச்சியை நியூசிலாந்துப் படையினர் 8ஆம் தேதி எட்டினார்கள். அருகே இன்னோர் இடத்தில் இந்தியப் படையின் கூர்க்காக்கள் 9ஆம் தேதி முகட்டை எட்டினார்கள். அங்கே அவர்களால் நிலைத்திருக்க முடியவில்லை.

10ஆம் தேதி விடியலில் முஸ்தபா கெமால் தலைமையில் உஸ்மானிய (துருக்கிய) படை மேலிருந்து பெரும் எதிர்த்தாக்குதல் நடத்தியது. சரிவில் 'பண்ணை' என்று அழைக்கப்பட்ட சிறு சமதளத்தில் மோஸ்லி இருந்த 38ஆவது பிரிகேட் நின்றிருந்தது. பிரிகேட் தளபதி பால்ட்வினும் அங்கே கொல்லப்பட்டார். மோஸ்லி தொலைபேசியில் ஓர் உத்தரவைச் சொல்லிக்கொண்டிருந்தபோது குண்டு பட்டது என்கின்றன அவரைப் பற்றிய குறிப்புகள். அவருக்கு அடையாளம் தெரிந்த கல்லறை இல்லை. ஹெல்லெஸ் நினைவுத் தூணில் பெயர் இருக்கிறது. அந்தத் தூணில் உள்ள 20,000க்கும் மேற்பட்ட பெயர்களில் இந்தியப் படையினரின் பெயர்களும் உண்டு. கலிப்போலியில் நேச நாடுகள் தரப்பில் சுமார் 44,000 பேரும், உஸ்மானியர் தரப்பில் அதைப் போல ஏறக்குறைய இரு மடங்கும் இறந்தார்கள். 1916 ஜனவரியில் நேச நாட்டுப் படைகள் முழுமையாகப் பின்வாங்கின. ஓர் அடி நிலம்கூட மிஞ்சவில்லை.

அவர் மரணம் சட்டத்தை மாற்றியதா?

ரதர்ஃபோர்டு 1915 செப்டம்பரில் 'நேச்சர்' இதழில் எழுதினார்: போருக்குத் தேவையான எத்தனையோ அறிவியல் வேலைகளில் ஒன்றில் மோஸ்லியை வைத்திருந்தால், ஒரு துருக்கியத் தோட்டாவுக்கு முன் நிறுத்தியதைவிட நாட்டுக்கு அதிகம் பயன் கிடைத்திருக்கும் என்பது அதன் சாரம். இந்தக் குரல் பரவலாகக் கேட்டது. ஆனால் அதன்பின் நடந்தவற்றுக்குக் காரணங்கள் பல:

1. 1915 மே மாதத்திலேயே பீரங்கிக் குண்டுத் தட்டுப்பாடு பெரிய அரசியல் நெருக்கடி ஆகிவிட்டது. தேர்ந்த தொழிலாளர்கள் படையில் சேர்ந்துவிட்டதால் ஆலைகளில் ஆள் இல்லை. அவர்களைத் தடுத்து நிறுத்தும் ஏற்பாடுகள் தொடங்கியது இதனால்தான்.

2. சாயங்கள் முதல் பல வேதிப்பொருட்கள் வரை பிரிட்டன் ஜெர்மனியை நம்பியிருந்தது. போர் வந்ததும் அது நின்றது. வேதியியலாளர்கள் தேவைப்பட்டார்கள்.

3. நீர்மூழ்கிகள் கப்பல்களை மூழ்கடித்தன. கடற்படை 1915 ஜூலையில், அதாவது மோஸ்லி இறப்பதற்கு முன்பே, கண்டுபிடிப்புகளுக்கான ஒரு குழுவை அமைத்தது. ரதர்ஃபோர்டே அதில் நீரடி ஒலிக் கண்டறிதலில் வேலை செய்தார்.

4. 1916இல் கட்டாய சேவை வந்ததும் விலக்கு விதிகளும் கூடவே வந்தன. இரண்டாம் உலகப் போர் தொடங்கியபோது பிரிட்டன் கையில் ஒதுக்கப்பட்ட தொழில்களின் பட்டியல் தயாராக இருந்தது. அதில் விஞ்ஞானிகளோடு சுரங்கத் தொழிலாளர்களும் ரயில்வே ஊழியர்களும் இருந்தார்கள்.

மோஸ்லியின் பெயர் இந்த விவாதத்தில் வலுவான எடுத்துக்காட்டாகப் பயன்பட்டது. அவ்வளவுதான் சொல்ல முடியும். அவர் சாவால் ஒரு நல்ல விதி பிறந்தது என்று சொல்லும்போது, அந்தச் சாவுக்கு ஒரு பயன் இருந்ததாக ஆகிவிடுகிறது. அப்படி எந்தப் பயனும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அதே தூணில் பெயர் உள்ள மற்றவர்கள் குண்டுக்கு முன் நிற்கத் தகுந்தவர்கள், இவர் மட்டும் தவறுதலாகப் போய்விட்டார் என்ற பொருளும் அதற்குள் ஒளிந்திருக்கிறது. மோஸ்லியின் வேலையை மதிப்பதற்கு அந்த வாதம் தேவையே இல்லை.

நோபலும் உயிலும்

ஸ்வீடன் விஞ்ஞானி ஸ்வாந்தே அரேனியஸ் 1915ஆம் ஆண்டுக்கான இயற்பியல், வேதியியல் பரிசுகள் இரண்டுக்கும் மோஸ்லியைப் பரிந்துரைத்திருந்தார். அந்த ஆண்டின் இயற்பியல் பரிசு பிராக் தந்தைக்கும் மகனுக்கும் போனது. அந்தக் குடும்பமும் கலிப்போலியில் ஒருவரை இழந்தது: இளைய மகன் ராபர்ட் செப்டம்பரில் அங்கே இறந்தார். 1916இல் இயற்பியல் பரிசு யாருக்கும் வழங்கப்படவில்லை. 1917க்குரியது பார்க்லாவுக்கும், 1924க்குரியது எக்ஸ் கதிர் நிறமாலையில் மோஸ்லியின் பாதையைத் தொடர்ந்த மான்னே சீக்பானுக்கும் கிடைத்தன. முன்னும் பின்னும் உள்ளவர்களுக்குக் கிடைத்திருப்பதைப் பார்க்கும்போது, மோஸ்லியும் பெற்றிருப்பார் என்று நினைப்பதில் மிகை இல்லை.

படையில் இருந்தபோது மோஸ்லி சிறு உயில் ஒன்று எழுதியிருந்தார். தன் சொத்தையும் கருவிகளையும் லண்டன் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகத்துக்குக் கொடுத்தார். பணம் சோதனை அறிவியலுக்கே போக வேண்டும் என்றார். நோய்க்கூறியல், இயற்பியல், உடலியல், வேதியியல் என்று துறைகளைக் குறிப்பிட்டார். தூய கணிதத்துக்கும் வானியலுக்கும், வெறுமனே பட்டியலிட்டு வகைப்படுத்தும் எந்தத் துறைக்கும் அது போகக் கூடாது என்றும் எழுதினார். ராயல் சொசைட்டி அந்தத் தொகையைக் கொண்டு அவர் பெயரில் இளம் ஆய்வாளர்களுக்கான உதவித்தொகையை ஏற்படுத்தியது.